கட்டுமானத்தில் உற்பத்தித்திறன்: எப்படி அளக்கிறார்கள்? ஏன் கூடவில்லை?

அமெரிக்கக் கட்டுமானத் துறையில் ஒரு தொழிலாளி உருவாக்கும் மதிப்பு 1970-ஐவிட 2020-இல் சுமார் 40 சதவீதம் குறைவு. பொருளியலாளர்கள் ஆஸ்டன் கூல்ஸ்பீயும் சாட் சைவர்சனும் 2023-இல் வெளியிட்ட கணக்கு இது.

எப்படி அளக்கிறார்கள்? கட்டியவற்றின் மதிப்பிலிருந்து சிமென்ட், கம்பி முதலியவற்றின் செலவைக் கழிப்பார்கள். மிஞ்சுவதில் விலைவாசி ஏற்றத்தை நீக்கி, ஆள் எண்ணிக்கையால் வகுப்பார்கள்.

அப்படி அளந்த உற்பத்தி எதனால் வளர்கிறது? பொருளியலாளர் ராபர்ட் சோலோ 1957-இல் ஒரு வழி காட்டினார். வளர்ச்சியில் கூடுதல் உழைப்பு, கூடுதல் இயந்திரங்களின் பங்கைக் கழித்தால் எஞ்சுவது தொழில்நுட்பம், நிர்வாகத் திறன் போன்றவற்றின் பங்கு.

இந்த அளவீடுகளில் சிக்கல், விலைவாசி ஏற்றத்தை நீக்கப் பயன்படும் விலைக் குறியீட்டில் இருக்கிறது. இரண்டு கட்டடங்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. வீட்டின் விலை கூடியது தரத்தாலா, விலைவாசியாலா? தர உயர்வை விலைவாசிக் கணக்கில் எழுதிவிட்டால், உற்பத்தித்திறன் இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும்.

ஆகவே கூல்ஸ்பீயும் சைவர்சனும் பணத்தை ஒதுக்கிவைத்து, ஆளுக்கு எத்தனை வீடுகள் என்றும் எண்ணிப் பார்த்தார்கள். அதிலும் பல பத்தாண்டுகளாகத் தேக்கம் அல்லது சரிவுதான். வாங்கும் பொருள்களைக் கட்டடமாக மாற்றும் திறனும் குறைந்திருந்தது. குறை அளவுகோலில் மட்டும் இல்லை, வேலைத்தளத்திலும் இருக்கிறது.