பன்னீர் திராட்சையும் பிரெஞ்சுக்காரர் கலவையும்

(வானொலியில் ஒலிபரப்பான உழவர் உரை)



மதுரை மாட்டுத்தாவணி பழ மார்க்கெட்டில் கருந்திராட்சைப் பெட்டியைத் திறந்தால், கண்ணால் பார்க்கிறதுக்கு முன்னாலேயே மூக்கு சொல்லிவிடும், இது கம்பம் பள்ளத்தாக்குச் சரக்கு என்று. பன்னீர் தெளித்தது போல ஒரு வாசம். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி, கூடலூர் பக்கம் பந்தல் போட்டிருக்கிற உங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. 1895-ல் கட்டி முடித்த பெரியாறு அணைத் தண்ணீரை நம்பி வளர்ந்த பள்ளத்தாக்கு அது. இந்தப் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆனால் இது நம் ஊரில் பிறந்த பழம் அல்ல. இதன் சொந்தப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில், குளிருக்குக் கண்ணாடி வீடு கட்டித் திராட்சை வளர்த்த காலத்தில், இரண்டு ரகங்களை ஒட்டுச் சேர்த்து உண்டானது. தாய் 'பிளாக் ஹாம்பர்க்', தகப்பன் 'மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா'. தாய் வழியில் நல்ல கறுப்பு நிறம். தகப்பன் வழியில் வாசம். லண்டனுக்குப் பக்கத்தில் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768-ல் நட்ட பிளாக் ஹாம்பர்க் கொடி ஒன்று இன்றைக்கும் காய்த்துக்கொண்டிருக்கிறது. நம் பந்தல் திராட்சைக்கு அது பெரியம்மா முறை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

வாசத்துக்குக் காரணம் ஜெரானியால், லினலூல் என்கிற வாசனைப் பொருள்கள். பன்னீர் ரோஜாவிலும் ஜெரானியால் உண்டு. அதனால்தான் நம் ஆட்கள் பன்னீர் என்று பெயர் வைத்தார்கள். சீனாக்காரரும் இதே ரகத்துக்கு அவர்கள் பாஷையில் ரோஜா வாசம் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள்! யாரும் யாரையும் கேட்டுக்கொண்டு வைக்கவில்லை.

சரி, இந்தப் பழத்தின் உறவுக்காரர்களை ஐரோப்பாவில் என்ன செய்கிறார்கள்? பெரும்பகுதியைப் பிழிந்து ஒயின் ஆக்குகிறார்கள். நான் உங்களைக் குடிக்கச் சொல்ல வரவில்லை. அவர்கள் பழத்தைக் கலக்கிற முறையில் விவசாயிக்கு ஒரு கணக்கு இருக்கிறது; அதைச் சொல்லத்தான் வந்தேன்.

காப்பிக்கொட்டை வாங்கப் போனால் என்ன கேட்கிறோம்? "பீபெரி பாதி, பிளாண்டேஷன் பாதி, கொஞ்சம் சிக்கரி." ஒன்றில் மணம், ஒன்றில் திடம், ஒன்றில் நிறம். பிரான்சில் போர்டோ என்கிற வட்டாரத்தில் திராட்சையையும் இப்படித்தான் கலக்கிறார்கள். அங்கே முக்கியமான கறுப்பு ரகங்கள் கபர்னே சாவின்யோன், மெர்லோ. கபர்னே பழம் சின்னது, தோல் தடிப்பு. துவர்ப்பும் நிறமும் அதிலிருந்து வரும். வருஷக்கணக்கில் வைத்திருந்தாலும் கெடாது. ஆனால் தனியாகப் பிழிந்தால் நாக்கை இழுத்துப் பிடிக்கும். மெர்லோ சதைப்பற்றுள்ளது, மென்மையானது. கபர்னேயின் முரட்டுத்தனத்தை அது அடக்குகிறது. கபர்னேக்குச் சூட்டைப் பிடித்து வைக்கிற சரளை நிலம் பிடிக்கும். மெர்லோ களிமண்ணிலும் நன்றாக வரும்.

ருசி ஒரு பக்கம் இருக்கட்டும். இன்னொரு காரணம் நமக்கு நன்றாகப் புரியும். மெர்லோ முந்தித் துளிர்த்து முந்திப் பழுக்கும். கபர்னே பிந்தித் துளிர்த்துப் பிந்திப் பழுக்கும். வசந்த காலத்தில் உறைபனி விழுந்தால் மெர்லோவின் துளிர் கருகும், கபர்னே தப்பிக்கும். அறுவடை முடிகிற சமயம் மழை பிடித்துக்கொண்டால் கபர்னே அடிபடும், மெர்லோ அதற்குள் வீட்டுக்கு வந்திருக்கும். எந்த வருஷமும் இரண்டு கையும் வெறுங்கையாக நிற்பதில்லை.

ஷாம்பெயின் வட்டாரத்தில் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். பினோ நுவார், மூனியே என்ற இரண்டு கறுப்பு ரகம், ஷார்தொனே என்ற ஒரு வெள்ளை ரகம். கறுப்புப் பழத்தைத் தோல் ஊறாமல் மெதுவாகப் பிழிந்தால் சாறு வெள்ளையாகத்தான் வரும். நிறம் தோலில் இருக்கிறதே தவிரச் சதையில் இல்லை. தோட்டம் தோட்டமாகத் தனித்தனியே நொதிக்க வைத்து, பிறகு ருசி பார்க்கிறவர்கள் உட்கார்ந்து, போன வருஷங்களில் எடுத்து வைத்த சரக்கையும் சேர்த்து, இந்த வருஷமும் அதே ருசி வருகிற மாதிரி கலக்கிறார்கள். இதற்கு நேர்மாறு பர்கண்டிக்காரர்கள். அங்கே சிவப்பு ஒயின் என்றால் பெரும்பாலும் பினோ நுவார் ஒன்றுதான். கலப்புக்குப் பதில், இந்தக் கரை, அந்தக் கரை என்று நிலத்தின் பேரில் விலை வைக்கிறார்கள்.

போர்டோ என்றதும் உங்களில் பாதிப்பேருக்கு வேறொன்று ஞாபகம் வந்திருக்கும். ஆமாம், மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலக்கிற போர்டோ கலவை, அந்த ஊர் பெயரில்தான் இருக்கிறது. வழிப்போக்கர் பழத்தைப் பறிக்காமல் இருக்க, சாலையோரக் கொடிகளில் இந்தக் கலவையைத் தெளித்து வைத்திருந்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் இல்லாததைக் கவனித்தவர் மில்லார்தே என்ற பேராசிரியர். 1885-ல் அதை மருந்தாக அறிவித்தார். நாம் அடிக்கிற 1 சதக் கலவைக்கு 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ நீற்றுச் சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். தகரம், இரும்புப் பாத்திரம் கூடாது. அரிவாளை ஒரு நிமிஷம் முக்கி எடுத்துப் பாருங்கள். செம்பு படிந்தால் இன்னும் சுண்ணாம்புப் பால் வேண்டும் என்று அர்த்தம்.

இப்போது, நம் பந்தலுக்கு வருவோம். "நம்ம பழத்தையும் ஒயின் ஆக்கினா விலை விழாதே சார்" என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்கிறார்கள். நன்றாகப் பழுக்க விட்டால் பன்னீரில் 18 முதல் 20 சதம் வரை இனிப்புச் சத்து வருகிறது. அது ஒயினுக்குப் போதாதது அல்ல. குறை வேறிடத்தில் இருக்கிறது. ராத்திரியும் வெக்கையாக இருக்கிற ஊரில் பழத்தின் புளிப்பு சீக்கிரம் குறையும். கபர்னே அளவுக்கு நிறமும் துவர்ப்பும் இதில் கிடையாது. ஆக, வாசத்துக்குச் சேர்க்கிற பழமே தவிர, திடத்துக்கு வேறு பழம் வேண்டும். நாசிக்கில் அந்த ரகங்களைப் பயிரிட்டு ஒயின் ஆலைகள் நடக்கின்றன. அதைக் காட்டி யாராவது கபர்னே குச்சி விற்க வந்தால், வாங்குகிறவர் யார், என்ன இனிப்பு அளவுக்கு என்ன விலை என்று எழுத்தில் வாங்காமல் ஒரு குச்சிகூட நடாதீர்கள். ஒயின் ரகத்தை மார்க்கெட்டில் சாப்பிட வாங்க ஆள் கிடையாது. சின்னப் பழம், நிறைய விதை. வீட்டில் காய்ச்சிப் பார்க்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். உரிமமில்லாமல் செய்தால் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்.

போர்டோக்காரரிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கால வித்தியாசம். அவர்களுக்கு ரகம் கொடுக்கிற வித்தியாசத்தை நமக்குக் கவாத்து கொடுக்கும். கவாத்து செய்து நாலு மாதத்தை ஒட்டி அறுவடை என்பது உங்களுக்குத் தெரிந்த கணக்கு. இரண்டு ஏக்கரையும் ஒரே வாரத்தில் வெட்டினால் ஒரே வாரத்தில் பழுக்கும்; அந்த வாரம் மழை வந்தாலும், வியாபாரி விலையைக் குறைத்தாலும், மொத்தமாகத்தான் அடி. ஒரு ஏக்கரை இப்போது, மறு ஏக்கரை 25 அல்லது 30 நாள் தள்ளி வெட்டுங்க. மருந்தடிப்பில் கொஞ்சம் அலைச்சல் கூடும், ஒத்துக்கொள்கிறேன். பக்கத்துத் தோட்டக்காரரோடும் பேசி வெட்டினால் இன்னும் நல்லது.

உதிர்ந்த பழம், குலை சரியில்லாத பழம் மிஞ்சுகிறவர்கள் சாறாக்கலாம். இங்கேயும் கலப்புதான் கை கொடுக்கும். பன்னீரில் வாசம் உண்டு, புளிப்பு மட்டு. பெங்களூர் நீல திராட்சையில் நிறமும் புளிப்பும் தாராளம். அழுகல் நீக்கிக் கழுவிய பழத்தைத் தோலோடு நசுக்கி, 60 டிகிரிச் சூட்டில் பத்து நிமிஷம் வைத்தால் நிறம் இறங்கும். கொதிக்க விட்டால் வாசம் ஓடிப்போகும். துணியில் வடிகட்டி, குளிர்ந்த இடத்தில் வண்டலைத் தெளிய விட்டு, பாட்டிலில் அடைத்து 80 டிகிரி வெந்நீரில் இருபது நிமிஷமாவது வைக்க வேண்டும். விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு அவசியம்.

இரண்டு சாற்றையும் தனித்தனியே எடுத்து வைத்துக்கொண்டு, முதலில் டம்ளரில் கலந்து பாருங்க. பன்னீர் மூணு பங்கு, நீலம் ஒரு பங்கில் ஆரம்பித்து, வீட்டில் நாலு பேர் நாக்குக்குக் கொடுத்து அளவை ஏற்றி இறக்குங்க. எந்த அளவு பிடித்ததோ அதை நோட்டில் குறித்து வையுங்க; அடுத்த மகசூலில் பழம் கொஞ்சம் மாறியிருக்கும், மறுபடி பார்க்க வேண்டும். ரகம், கவாத்து பற்றிய சந்தேகங்களுக்கு ஆனைமலையன்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையத்தில் போய்க் கேட்கலாம். போகும்போது நோய் பட்ட இலையையும் ஒரு குலையையும் கையோடு எடுத்துப் போங்க.