எரியும் எண்ணெயிலிருந்து எரியாத பிளாஸ்டிக்

பொருள்களின் மறுபக்கம் – 17

புரோமின் கலந்த தீத்தடுப்பான்கள் வீடுகளுக்குள் நுழைந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். குழந்தைகளின் இரவு உடைகளில் சேர்க்கப்பட்ட ‘டிரிஸ்’ என்ற ரசாயனம் மரபணுவில் மாற்றத்தை உண்டாக்குகிறது என்று எச்சரித்து, ஆர்லீன் புளூமும் புரூஸ் ஏம்ஸும் 1977 ஜனவரியில் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். அதே ஆண்டு அமெரிக்கா அந்த உடைகளைத் தடை செய்தது. ஆனால், புரோமின் சேர்ந்த வேறு ரசாயனங்கள் சோபாக்களிலும் டி.வி. பெட்டிகளிலும் தொடர்ந்தன. 1972 முதல் 1997 வரை சேமித்து வைத்திருந்த தாய்ப்பால் மாதிரிகளைச் சுவீடன் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றில் இந்த ரசாயனங்களின் அளவு இரட்டிப்பாகியிருந்தது. 2009-இல் இவற்றில் சில ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் சேர்ந்தன.

சோபாவில் இருந்தது தாய்ப்பாலுக்கு எப்படி வந்தது? இந்த வாரக் கதையின் முடிச்சு இதுதான்.

கலப்பதும் பிணைப்பதும்

இந்தத் தீத்தடுப்பான்கள் பிளாஸ்டிக்கோடு வேதிப்பிணைப்பு எதுவும் இல்லாமல், வெறுமனே கலந்து கிடந்தவை. சாயம் சரியாகப் பிடிக்காத துணி ஒவ்வொரு சலவையிலும் வெளுப்பதைப்போல, அவை கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறின. வீட்டுத் தூசியில் படிந்தன. தரையில் தவழும் குழந்தையின் கையில் ஒட்டி வாய்க்குப் போயின.

அப்படியானால், தீயைத் தடுக்கும் தனிமத்தைப் பிளாஸ்டிக்கின் மூலக்கூறுக்குள்ளேயே பிணைத்துவிட்டால்? அது பிரிந்து வர வழியில்லை. இந்த யோசனையோடு பெட்ரோலியத்தையும் கைவிட்டுத் தாவர எண்ணெயில் இறங்கியவர்கள் ஸ்பெயினில் இருந்தார்கள். தாராகோனா நகரம் பெரிய பெட்ரோலிய ரசாயன ஆலைகளுக்குப் பெயர்பெற்றது. அங்குள்ள ரோவிரா இ விர்ஹிலி பல்கலைக்கழகத்தில் விர்ஜீனியா காதிஸ், மரினா காலியா, ஹுவான் கார்லோஸ் ரோந்தா, ஜெரார்ட் யிகதாஸ் ஆகியோரின் குழு சூரியகாந்தி, சோயா, ஆமணக்கு எண்ணெய்களை வைத்து இந்த வேலையைச் செய்தது.

விளக்கெண்ணெயைப் பிளந்தால்

எண்ணெய் என்பதே எரிபொருள். அதிலிருந்து எரியாத பொருளைச் செய்ய முடியுமா என்ற சந்தேகம் நியாயமானது. பதில், எண்ணெய் மூலக்கூறின் கைப்பிடிகளில் இருக்கிறது. ஒரு கிளிசராலில் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் தொங்குகின்றன. சங்கிலிகளில் ஆங்காங்கே உள்ள இரட்டைப் பிணைப்புகளைப் பிடித்துக்கொண்டு புதிய அணுக்களை மாட்டலாம்.

விளக்கெண்ணெய்க்கு இதில் தனி இடம் உண்டு. அதன் கொழுப்பு அமிலங்களில் சுமார் 90 சதவீதம் ரிசினோலிக் அமிலம் என்ற ஒரே வகை. 18 கார்பன் கொண்ட இந்தச் சங்கிலியைக் கடும் வெப்பத்தில் சிதைத்தால், 7 கார்பனும் 11 கார்பனுமாக உடைகிறது. 7 கார்பன் துண்டு ஹெப்டனல். மல்லிகை வாசனைத் திரவியம் ஒன்றைத் தயாரிக்க அது பயன்படுகிறது. 11 கார்பன் துண்டு அன்டிசைலெனிக் அமிலம். அதன் முனையிலேயே ஓர் இரட்டைப் பிணைப்பு இருப்பதால் வேதியியலாளருக்குக் கை வைக்க எளிது. நைலான்-11 என்ற பிளாஸ்டிக் பல ஆண்டுகளாக இதிலிருந்துதான் தயாராகிறது.

தாராகோனா குழு அந்த முனையில் ஆக்சிஜனைச் சேர்த்து எபாக்ஸி வளையமாக்கியது. எபாக்ஸி பிசினை இறுக்க ஒரு கெட்டிப்படுத்தி வேண்டும். பாஸ்பரஸ் அணுவைத் தன்னுள் கொண்ட ஒரு கெட்டிப்படுத்தியை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டும் வினைபுரிந்து வலைப்பின்னலாக இறுகும்போது பாஸ்பரஸ் அந்த வலையின் கண்ணியாகவே ஆகிவிடுகிறது. இந்த ஆய்வு 2006-இல் வெளியானது. சூரியகாந்தி எண்ணெயில் பாஸ்பரஸை நேரடியாக மாட்டும் வழியையும் பின்னர் காட்டினார்கள்.

தீ வரும்போது என்ன நடக்கிறது? சூட்டில் பாஸ்பரஸ் அமிலமாகி, பிளாஸ்டிக்கிலிருந்து நீரை இழுத்து, மேற்பரப்பைக் கரியாக்குகிறது. அந்தக் கரி ஓடு வெப்பம் உள்ளே போவதையும் எரிவாயு வெளியே வருவதையும் மறிக்கிறது. ஆவியாகும் பாஸ்பரஸ் துணுக்குகள் சுடருக்குள்ளேயே வினையை முறிக்கின்றன.

பஞ்சு சொல்லும் தீர்ப்பு

எரியாத தன்மையை அளக்க ஆக்சிஜன் குறியீடு என்ற அளவு உண்டு. ஒரு பொருள் தொடர்ந்து எரியக் குறைந்தபட்சம் எத்தனை சதவீத ஆக்சிஜன் தேவை என்பதை அது சொல்லும். காற்றில் இருப்பது 21 சதவீதம். பாலிஎத்திலீனுக்கு 18-க்குள் போதும். அதனால்தான் பிளாஸ்டிக் பை பற்றினால் நிற்பதில்லை. இந்த எண்ணை 21-க்கு நன்றாக மேலே தள்ளுவதுதான் பாஸ்பரஸின் வேலை.

மின்சாதனத் தொழிலில் யு.எல்.-94 என்ற சோதனை இன்னும் கண்டிப்பானது. 13 மி.மீ. அகலப் பட்டையைச் செங்குத்தாக மாட்டி, கீழ்முனையில் 10 விநாடி சுடரைக் காட்டி எடுப்பார்கள். அணைந்ததும் மறுபடி 10 விநாடி. 30 செ.மீ. கீழே பஞ்சு விரித்திருக்கும். ஒவ்வொரு முறையும் 10 விநாடிக்குள் சுடர் அணைய வேண்டும். எரியும் சொட்டு விழுந்து பஞ்சு பற்றக் கூடாது. அப்போதுதான் ‘வி-0’ என்ற உயர்ந்த தரம் கிடைக்கும். தாவரத்திலிருந்து வந்தது என்பதற்காகப் பஞ்சு சலுகை காட்டாது.

தடைகளும் இருக்கின்றன. எண்ணெயின் நீண்ட சங்கிலிகள் கரியாவதற்கு முன் உடைந்து எரிவாயுவாகிவிடும் சுபாவம் உள்ளவை. அதனால் கரியாகக்கூடிய பென்சீன் வளையங்களையும் உடன் சேர்க்க வேண்டியிருக்கிறது. பாஸ்பரஸ் பாறையிலிருந்து தோண்டி எடுக்கப்படுவது. அது செடியில் மறுபடி விளையாது. சோயாவும் சூரியகாந்தியும் உணவு. ஆமணக்கு உண்ணும் எண்ணெய் அல்ல, மழை குறைந்த நிலத்திலும் வளரும். உலகிலேயே மிக அதிகமாக அதை விளைவிப்பது இந்தியா. அதில் பெரும்பங்கு குஜராத்தில். நம் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்குமான ஆராய்ச்சி நிலையமும் உண்டு. எண்ணெயாக விற்பதோடு நின்றுவிடாமல், இந்த வேதியியலையும் இங்கேயே வளர்க்க நமக்குக் காரணம் இருக்கிறது.

ஆனாலும், ‘தாவரப் பொருள்’ என்ற முத்திரையை மட்டும் பார்த்து நாம் திருப்தி அடையக் கூடாது. தீத்தடுப்பான் கலந்திருக்கிறதா, பிணைந்திருக்கிறதா? பத்தாண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு தூசியில் என்ன படிகிறது? எரிந்தால் புகையில் என்ன வருகிறது? விற்பனைக்கு வருவதற்கு முன்பே இந்தக் கேள்விகளுக்கு விடை வேண்டும். டிரிஸ் விஷயத்தில் விடை வந்தபோது உடைகள் குழந்தைகளின் மேல் இருந்தன. இனி சோதனை முதலில், சந்தை பிறகு என்பது சட்டமாக வேண்டும்.

அடுத்த வாரம்: பழைய டி.வி. பெட்டிகளைப் பிரிக்கும் கூடங்களில் புரோமின் பிளாஸ்டிக் என்ன ஆகிறது?

(தொடரும்)