மருந்தை ஏற்ற சட்டமும் வைத்தியரை விட்ட சட்டமும்: திண்டுக்கல் வட்டாரத்தில் மரபு மருத்துவத்தின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

மரபு மருத்துவம் பயனுடையதா, நவீன மருத்துவம் பயனுடையதா என்ற வினா நீண்ட காலமாக விவாதிக்கப்பட்டு வருகிறது. நோயாளியைப் பொறுத்தவரை அதனினும் முதன்மையான வினா வேறொன்று உள்ளது. வைத்தியர் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு அவர் எப்போது, யாரால் ஒப்படைக்கப்படுகிறார் என்பதே அது. பாம்புக்கடி, எலும்பு முறிவு, மஞ்சள் காமாலை ஆகிய மூன்றையும் முன்வைத்துத் திண்டுக்கல் நகரையும் அதனைச் சூழ்ந்த சமவெளியையும் இக்கட்டுரை நோக்குகிறது. தென்னாப்பிரிக்கச் சட்டமும் இந்தியச் சட்டமும் மரபு மருத்துவத்தை ஏற்ற முறைகளில் உள்ள வேறுபாடு ஒப்புநோக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நாட்டு வைத்தியம், சித்த மருத்துவம், திண்டுக்கல், பாம்புக்கடி, எலும்பு முறிவுக் கட்டு, தென்னாப்பிரிக்கா, ஒப்படைப்பு.

முன்னுரை

திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையில் அமைந்த காந்திகிராமம் 1947ஆம் ஆண்டு தோன்றியது. அதனை நிறுவியவர்களுள் ஒருவரான தி. சே. சௌந்திரம் ஆங்கில மருத்துவம் பயின்ற மருத்துவர். தாய்சேய் நலப் பணியால் அறியப்பட்ட கஸ்தூர்பா மருத்துவமனை அங்கு இயங்குகிறது. சித்த, ஆயுர்வேத மருந்துகளைச் செய்து விற்கும் லட்சுமி சேவா சங்கமும் அதே காந்திகிராமத்தில்தான் உள்ளது. ஒரே நிறுவனக் குடும்பத்தின் நிழலில் அறுவை அரங்கும் சூரணம் இடிக்கும் கூடமும் பூசலின்றி இயங்குவதைக் காண்போர், இவ்வட்டாரத்தில் இரு மருத்துவங்களும் இணக்கம் கண்டுவிட்டன என்று எண்ணக்கூடும்.

அந்த எண்ணம் பாதி உண்மையே. இணக்கம் கண்டது மருந்து. சிறுமலை அடிவாரத்திலும் சமவெளிச் சிற்றூர்களிலும் பாம்புக்கடிக்குப் பார்வை பார்ப்பவர், முறிந்த கைக்குப் பத்தை வைத்துக் கட்டுபவர், காமாலைக்குப் பச்சிலை அரைத்துக் கொடுப்பவர் ஆகியோர் இந்த இணக்கத்திற்கு வெளியே நிற்கின்றனர்.

ஏடு முன்னே, ஆள் பின்னே

1921ஆம் ஆண்டு சென்னை மாகாண அரசு முகம்மது உஸ்மான் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. உள்நாட்டு மருத்துவ முறைகளின் நிலையை ஆராய்ந்த அக்குழு 1923இல் அறிக்கை அளித்தது. அதன் பரிந்துரையை ஒட்டிச் சென்னையில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி தோன்றியது. மரபு மருத்துவத்தை அரசு ஏற்பதற்கான வழி அப்போதே வகுக்கப்பட்டுவிட்டது எனலாம். நூல் உண்டா, கோட்பாடு உண்டா, பாடத்திட்டமாக்க இயலுமா என்பன அவ்வழியின் அளவுகோல்கள். சித்த மருத்துவத்திற்கு ஏடுகள் இருந்தன, வாத பித்த கபக் கோட்பாடு இருந்தது. ஆகவே அது கல்லூரி ஏறியது. பாளையங்கோட்டையில் 1964இல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1970ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ மத்தியக் குழுச் சட்டம் நாடு முழுவதற்குமான பதிவு முறையைக் கொண்டுவந்தது.

அச்சட்டத்தின் 17ஆம் பிரிவு, ஏற்கெனவே தொழில் செய்துவந்த பரம்பரை வைத்தியர்களுக்கு வரையறுக்கப்பட்ட பாதுகாப்பை அளித்தது. அது ஒரு தலைமுறைக்கான பாதுகாப்பு. தந்தையின் பதிவு மகனுக்கு இறங்குவதில்லை. கேரளப் பரம்பரை வைத்தியர்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரல் 13 அன்று வழங்கிய தீர்ப்பு இதனை ஐயமற உறுதிசெய்தது: ஏற்கப்பட்ட தகுதியும் பதிவும் இல்லாதவர் மருத்துவத் தொழில் செய்ய இயலாது. நோயாளியின் பாதுகாப்பு நோக்கில் இத்தீர்ப்பைக் குறைகூற இடமில்லை. ஆயினும் அதன்பின் பதிவற்ற வைத்தியர்கள் மறைந்துவிடவில்லை. அரசின் கண்ணுக்குப் புலப்படாதவர்களாக மட்டுமே ஆயினர்.

மருந்தின் வரலாறு இதற்கு நேர்மாறானது. ஒன்பது சரக்குகள் சேர்ந்த நிலவேம்புக் குடிநீர் டெங்குப் பரவலின்போது அரசு மருத்துவமனைகளில் வழங்கப்பட்டது. பதினைந்து சரக்குகள் சேர்ந்த கபசுரக் குடிநீர் 2020இல் வீடுதோறும் அறிமுகமானது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றில் சித்த மருத்துவப் பிரிவு செயல்படுகிறது. அங்கு அமர்ந்திருப்பவர் பட்டம் பெற்ற சித்த மருத்துவர். அவருக்கும் ஊர் எல்லையில் கட்டுப் போடுபவருக்கும் இடையிலான தொலைவு, பல வேளைகளில் அவருக்கும் ஆங்கில மருத்துவருக்கும் இடையிலான தொலைவைவிட மிகுதி.

தென்னாப்பிரிக்காவின் வழி

தென்னாப்பிரிக்கா எதிர்த்திசையிலிருந்து தொடங்கியது. அங்கு 2004இல் இயற்றப்பட்ட மரபு நலவாழ்வுப் பணியாளர் சட்டத்தை, மக்கள் கருத்தை முறையாகக் கேட்காமல் நிறைவேற்றியதற்காக அரசமைப்பு நீதிமன்றம் 2006இல் செல்லாததாக்கியது. அச்சட்டம் 2007இல் மீண்டும் இயற்றப்பட்டது. குறி கேட்டு நோயறியும் சங்கோமா, மூலிகை மருந்து தரும் இன்யாங்கா, பேறு பார்ப்பவர், விருத்தசேதனம் செய்பவர் என நால்வகையினரை அது வகைப்படுத்துகிறது. பாடநூலைத் தேடாமல் ஆளைத் தேடிய சட்டம் அது. மருந்தின் தரம், ஆய்வு முதலியவை பின்னர் வரட்டும், முதலில் யார் இத்தொழிலைச் செய்கிறார் என்று பதிவேட்டில் எழுதுவோம் என்பது அதன் உள்ளுறை. சிம்பாப்வேயில் 1981ஆம் ஆண்டுச் சட்டமும் வைத்தியர்களைப் பதிவதிலிருந்தே தொடங்கியது.

இவ்வழியிலும் இடர் உண்டு. பதிவுச் சான்று, அதனைப் பெற்றவரின் மருந்துக்கு அரசு தந்த நற்சான்றாகப் பொதுமக்களால் கொள்ளப்படலாம். ஆப்பிரிக்க மக்களுள் 80 விழுக்காட்டினர் மரபு மருத்துவத்தை நாடுகின்றனர் என்று கட்டுரை தோறும் மேற்கோள் காட்டப்படும் எண்ணையும் இவ்விடத்தில் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். மரபு மருத்துவத்தையும் பயன்படுத்துவோர், அதனை மட்டுமே நம்பியிருப்போர் என்ற இரு சாராரை அவ்வெண் பிரித்துக் காட்டுவதில்லை. திண்டுக்கல் நாட்டு மருந்துக் கடையில் சுக்கும் திப்பிலியும் வாங்கும் ஒருவர், மறுநாள் அரசு மருத்துவமனையில் சீட்டு வாங்குவது இயல்பான நடப்பு.

வேப்பிலையும் கண்ணாடிக் குழாயும்

நிலக்கோட்டைப் பகுதியில் மல்லிகை பறிப்போர் விடியுமுன் தோட்டத்தில் இறங்குகின்றனர். கால்நடைக்குப் புல் அறுப்போரும் கடலைக் காட்டில் வேலை செய்வோரும் பாம்பின் வழியிலேயே நடமாடுகின்றனர். இந்தியாவில் பாம்புக்கடி இறப்புகளுக்குப் பெரிதும் காரணமானவை நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்னும் நான்கே. பெரும்பாலான பாம்புகள் நஞ்சற்றவை. நச்சுப்பாம்பு கடித்தாலும் சில வேளைகளில் நஞ்சு உடலில் ஏறுவதில்லை. ஆகவே கடிபட்டோர் பலர் எந்த மருத்துவமும் இன்றியே பிழைப்பர். பார்வை பார்த்தவரின் புகழ் இந்தப் பலரின்மேல் நிற்கிறது.

இருப்பினும் வைத்தியரின் செயல்முறையை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது ஆய்வுக்கு உதவாது. கடிபட்டவர் வாயில் வேப்பிலையை வைத்துக் கசக்கிறதா என்று கேட்கும் வழக்கம் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அறியப்பட்டதே. கசப்புத் தெரியாவிடில் நஞ்சு ஏறியதாகக் கொள்வர். அரசு மருத்துவமனையிலோ கடிபட்டவரின் இரத்தத்தைத் தூய கண்ணாடிக் குழாயில் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, உறைகிறதா என்று பார்க்கின்றனர். உறையாவிடில் விரியன் நஞ்சு வேலை செய்கிறது என்று பொருள். இரண்டும் ஒரே வினாவைக் கேட்கின்றன: நஞ்சு ஏறியதா, இல்லையா? கண்ணாடிக் குழாய் நம்பத்தக்க விடை தருகிறது, வேப்பிலை தருவதில்லை. கட்டுவிரியன் கடியில் வலியோ வீக்கமோ பெரிதாகத் தோன்றாது. வேப்பிலை கசக்கிறது என்று சொன்னவர் சில மணி நேரத்தில் இமை தூக்க இயலாமல், மூச்சுத் தசைகள் செயலிழந்து இறக்கக்கூடும். நச்சுமுறி மருந்துக்கு மாற்று இல்லை. இழந்த நேரத்தையும் மீட்க இயலாது.

மரபறிவு நவீன மருத்துவத்தோடு முறையாக இணைந்த நிகழ்வு ஒன்று தமிழ்நாட்டிலேயே உண்டு. செங்கல்பட்டுப் பகுதி இருளர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இல் அமைந்தது. அங்கு எடுக்கப்படும் நஞ்சிலிருந்தே நச்சுமுறி மருந்து செய்யப்படுகிறது. பாம்பின் தடம் அறியும் இருளரின் திறன், அவருடைய மருந்துச் செய்முறை ஏற்கத்தக்கதா என்ற வழக்கிற்குள் புகாமலேயே, மருத்துவமனைக் கட்டில் வரை வந்து சேர்ந்துவிட்டது. மருந்தைத் தேடுவோர் திறனை மறந்துவிடுகின்றனர் என்பதற்கு இதனினும் தெளிவான எதிர்ச்சான்று கிடைப்பது அரிது.

கட்டும் காமாலையும்

எலும்பு முறிவில் கணக்கு வேறு. தோல் கிழியாத, எலும்பு பெரிதும் விலகாத முறிவை அசையாமல் நிறுத்தினாலே அது கூடும். சிறுவரின் எலும்பு இன்னும் விரைவாகக் கூடும். மூங்கில் பத்தை, துணி, முட்டை வெள்ளைக்கரு, உளுத்தமாவு ஆகியவற்றால் ஆன கட்டு இறுகிக் கெட்டியாகி அந்த வேலையைச் செய்கிறது. ஆகவே வைத்தியரின் வெற்றி கற்பனையன்று. மாவுக்கட்டின் அடிப்படையும் இதுவே.

பிழை நேர்வது கட்டிய பின்பு. முறிந்த இடம் வீங்கும், இறுக்கமான கட்டோ விரியாது. உள்ளழுத்தம் மிகுந்து இரத்த ஓட்டம் தடைப்பட்டால், சில மணி நேரத்திலேயே தசை அழியத் தொடங்கும். விரல் நுனி குளிர்தல், நிறம் மாறுதல், மரத்தல், விரலை நீட்டினால் தாங்கவொண்ணா வலி ஆகியவை முன்னறிகுறிகள். அப்போதே கட்டைத் தளர்த்தி மருத்துவமனைக்கு அனுப்பினால் கை பிழைக்கும். வலி இருந்தால்தான் எலும்பு கூடும் என்று பொறுத்திருக்கச் சொன்னால், விரல்கள் நிலையாக மடங்கிப்போகும், அல்லது கையையே எடுக்க நேரும். இந்த நான்கு அறிகுறிகளை ஒரு கட்டு வைத்தியர் ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்ள இயலும். அதைக் கற்பிக்க வேண்டிய அரசு அலுவலருக்கு, சட்டப்படி இல்லாத ஒருவரைப் பயிற்சிக்கு அழைப்பது எப்படி என்பதுதான் சிக்கல்.

காமாலையில் கீழாநெல்லியின் புகழ் வேறொரு படிப்பினையைத் தருகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராசனும், கல்லீரல் அழற்சி பி நச்சுயிரியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் அடங்கிய குழு 1988இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. கீழாநெல்லி உண்ட 37 பேருள் 22 பேரின் இரத்தத்திலிருந்து அந்நச்சுயிரியின் புறப்புரதம் மறைந்தது. போலி மருந்து உண்ட 23 பேருள் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. பிற நாடுகளில் பின்னர் நடந்த சோதனைகளில் இம்முடிவு மீளக் கிடைக்கவில்லை. முதல் ஆய்வை மட்டும் மேற்கோள் காட்டி நிறுத்திக்கொள்ளும் தமிழ்க் கட்டுரைகள் மரபுக்கு நன்மை செய்வதில்லை. காமாலை வைத்தியரிடம் குணமானோர் பலருக்கு வந்தது, உணவாலும் நீராலும் பரவித் தானே தணியும் கல்லீரல் அழற்சி ஏ வகையாக இருந்திருக்கலாம். பித்தநாளக் கல்லோ கட்டியோ காரணமாயின் பத்தியம் இருக்கும் நாளெல்லாம் இழப்பே.

மருத்துவச்சி விட்டுச்சென்ற இடம்

ஒப்படைப்பு முழுமையாக நடந்தேறிய துறை பேறுகாலம். தமிழ்நாட்டில் இன்று 99 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பேறுகள் மருத்துவமனைகளிலேயே நிகழ்கின்றன. மருத்துவர் என்றே பெயர்பெற்ற, முடிதிருத்தும் சமூகத்தைச் சேர்ந்த மருத்துவச்சிகள் ஒரு காலத்தில் ஊரெங்கும் இப்பணியைச் செய்தனர். ஏட்டு மருத்துவம் கல்லூரி ஏறியபோது, சாதியில் தாழ்த்தப்பட்ட இப்பெண்களின் கைத்திறன் உடன் ஏறவில்லை. நலவாழ்வுக்குப் பணியாற்ற மரபு மருத்துவப் பணியாளர்களையும் தேவைக்கேற்பப் பயிற்றுவித்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்று 1978ஆம் ஆண்டின் அல்மா அட்டா அறிக்கை கூறியது. அதன்படி பயிற்சி பெற்ற தாதிகளும் காலப்போக்கில் விலகினர். தாய் இறப்புக் குறைந்ததால் இதனை இழப்பாகக் கருதுவோர் குறைவு. அந்த மாற்றம் ஒரே நாளில் நிகழவில்லை என்பதை மட்டும் நினைவிற்கொள்ளல் வேண்டும். ஊர்தோறும் கிராமச் செவிலியர், வாகன வசதி, எந்நேரமும் திறந்திருக்கும் நிலையம் ஆகியவை முன்னே வந்தன, மருத்துவச்சி பின்னே விலகினார்.

திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறக்கப்பட்ட பதினொரு கல்லூரிகளுள் ஒன்று. தீவிர சிகிச்சை மதுரைக்குச் செல்லாமலே கிடைக்கும் வாய்ப்பு இதனால் பெருகியுள்ளது. பாம்புக்கடியைத் தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் அறிவிக்கத்தக்க நோயாக ஆக்கியது. இனி மருத்துவமனைகள் ஒவ்வொரு கடியையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் கணக்கில் மருத்துவமனை வாயிலுக்கு வந்தவர்களே சேர்வர். வைத்தியர் வீட்டுத் திண்ணையோடு திரும்பியவர்களும், அங்கிருந்து கிளம்பி வழியிலேயே உயிர்விட்டவர்களும் எந்தப் பதிவேட்டில் எழுதப்படுவர் என்பதற்கு இப்போதைய சட்டத்தில் விடை இல்லை. அவர்களைக் கடைசியாகக் கண்டவர் அவ்வைத்தியரே. அவரிடம் கேட்டறியும் பொறுப்பு எந்த அலுவலருக்கும் தரப்படவில்லை.