100-ல் 90 குழந்தைக்கு ஊசி போட்டாச்சு... தட்டம்மையைத் தடுக்க இது போதாதா?

"ஊர்ல எல்லாரும் போட்டுக்கிட்டாங்க, நம்ம பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது." தடுப்பூசி பற்றி அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. ஆனால் மதுரை விளாங்குடி மாதிரி வீடுகள் நெருக்கமாக உள்ள பகுதிகளில், தட்டம்மை விஷயத்தில் இந்த நம்பிக்கை ஆபத்தானது. ஏன்?

எப்படிப் பரவுகிறது?

தட்டம்மை வைரஸ் காற்றில் பரவும். நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் 2 மணி நேரம் வரை அங்கே இருக்கும். எதிர்ப்பு சக்தி இல்லாதவர்கள் மத்தியில், ஒருவரிடம் இருந்து 12 முதல் 18 பேருக்குத் தொற்றும். உடம்பில் தடிப்பு தெரிவதற்கு 4 நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். அதாவது வாசலில் வேப்பிலை கட்டுவதற்கு முன்பே, அங்கன்வாடியில் பக்கத்தில் உட்கார்ந்த குழந்தைக்குப் போயிருக்கலாம்.

கணக்கு என்ன சொல்கிறது?

9 மாதத்தில் போடும் முதல் தவணை சுமார் 85 சதவீதம் பாதுகாப்பு தரும். 100 குழந்தைகளில் 90 பேர் ஒரு தவணை மட்டும் போட்டிருந்தால், உண்மையில் பாதுகாப்பு கிடைப்பது 76 பேருக்குத்தான். 2 தவணையும் போட்டால் பாதுகாப்பு 97 சதவீதம். அதனால்தான் 95 சதவீதம் பேர் 2 தவணையும் போட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சராசரி நல்லா இருந்தா போதாதா?

போதாது. ஊசி போடாத குழந்தைகள் ஒரே தெருவில் இருந்தால் அங்கே நோய் பரவும். 2022-ல் மும்பையில் கோவண்டி பகுதியில் தொடங்கிய பரவல் இதற்கு உதாரணம். அந்த நகரில் 10-க்கும் மேற்பட்ட குழந்தைகள் உயிரிழந்தனர்.

தமிழகத்தில் 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது, வாட்ஸ்அப் வதந்திகளால் பல பெற்றோர் தயங்கினர். முகாமை மார்ச் வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று.

இன்னொரு காரணம், மறதி. முதல் ஊசியைத் தாய்வீட்டில் போட்டுவிட்டு ஊர் மாறும்போது இரண்டாவது விட்டுப்போகும்.

'அம்மைதானே, தானா இறங்கிடும்' என்பது சரியா?

பெரும்பாலானோருக்குச் சரியாகிவிடும். ஆனால் நிமோனியா, மூளைக் காய்ச்சல், பார்வை இழப்பு வரை போகலாம். வேறு நோய்களுக்கு எதிராக உடல் சேர்த்து வைத்த எதிர்ப்பு சக்தியையும் இது அழித்துவிடும். 9 மாதம் ஆகாத கைக்குழந்தைகளுக்கு, சுற்றி இருப்பவர்கள் போட்ட ஊசிதான் பாதுகாப்பு.

நீங்கள் செய்ய வேண்டியது

* தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். முதல் தவணை 9-12 மாதம், இரண்டாவது 16-24 மாதம்.
* விட்டுப்போயிருந்தால் 5 வயது வரை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடலாம்.
* காய்ச்சல், இருமல், கண் சிவப்புடன் முகத்தில் தடிப்பு தொடங்கினால், குழந்தையை வெளியே அனுப்பாமல் நர்ஸிடம் சொல்லுங்கள். மருத்துவர் ஆலோசனைப்படி வைட்டமின் ஏ கொடுப்பது கண்ணையும் உயிரையும் காக்கும்.