பள்ளி நலக்கல்வியில் கருவளர்ச்சிப் பாடம்

கருவளர்ச்சிப் பாடம் என்பது, கருவுறுதல் முதல் பிறப்பு வரை கருப்பையில் நிகழும் மாற்றங்களை மாணவர்களுக்குக் கற்பிக்கும் பாடப்பகுதி ஆகும். இதை அரசுப் பள்ளிகளில் அனைவருக்கும் கட்டாயமாக்கலாமா, எந்த வகுப்பில் வைப்பது, யார் எழுதுவது என்பவை பல நாடுகளில் விவாதிக்கப்படுகின்றன. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய காவிரிப் படுகை மாவட்டங்களிலும் இதற்கு ஒரு நடைமுறைத் தேவை உண்டு. கருவின் முக்கியமான சில உறுப்புகள், தான் கருவுற்றிருப்பதை ஒரு பெண் அறிவதற்கு முன்பே உருவாகத் தொடங்கிவிடுகின்றன.

முதல் 28 நாட்கள்

கருமுட்டையும் விந்தணுவும் கருக்குழாயில் இணைகின்றன. கருமுட்டை பலமுறை பிளந்து, ஏறத்தாழ 6 அல்லது 7 நாட்களில் கருப்பையை அடைந்து அதன் சுவரில் பதியத் தொடங்குகிறது. மூன்றாவது வாரத்தில் கருவின் முதுகுப் பக்கத்தில் ஒரு தட்டையான திசு மடிந்து குழலாகிறது. இதுவே நரம்புக் குழல். பின்னாளில் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளர்வது இதுதான். ஏறத்தாழ 22-ஆம் நாளில் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. 28-ஆம் நாளுக்குள் நரம்புக் குழலின் இரு முனைகளும் மூடிவிட வேண்டும். கீழ்முனை மூடாவிட்டால் முதுகெலும்பு பிளவுபட்ட நிலையிலும், மேல்முனை மூடாவிட்டால் மூளை முழுமையாக உருவாகாத நிலையிலும் குழந்தை பிறக்க நேரிடும்.

கருவுற்ற 28-ஆம் நாள் என்பது, மாதவிலக்கு தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆன காலம். "இரண்டு நாள் பார்க்கலாம்" என்று வீட்டில் காத்திருப்பதற்குள் அந்த நாள் கடந்துவிடும். மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்களுக்குச் சொல்லவே வேண்டியதில்லை.

நரம்புக் குழல் சரியாக மூடுவதற்கு ஃபோலிக் அமிலம் தேவை. முன்பு இக்குறைபாட்டுடன் குழந்தை பெற்ற தாய்மாரிடம் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நடத்திய ஆய்வு 1991-இல் வெளியானது. கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டவர்களுக்கு அக்குறைபாடு மீண்டும் வருவது 72 விழுக்காடு குறைந்தது. இதில் கவனிக்க வேண்டியது "முன்பிருந்தே" என்ற சொல். கருத்தரிக்க எண்ணும் பெண்கள் நாள்தோறும் 400 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது இன்றைய பொதுவான பரிந்துரை.

தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிவு செய்யும் முறை சிறப்பாகவே இயங்குகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் கீழ் பயன்பெற 12 வாரங்களுக்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்ய வேண்டும். திட்டத்திற்குப் பெயர் தந்த முத்துலட்சுமி, படுகையை அடுத்த புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்தவர். ஆனால் எவ்வளவு விரைவாகப் பதிவு செய்தாலும், நரம்புக் குழலைப் பொறுத்தவரை அது தாமதமே. இந்தச் செய்தி ஒரு பெண்ணையும் அவள் கணவனையும் திருமணத்திற்கு முன்பே அடைந்திருக்க வேண்டும். பெரும்பாலோரை ஒரே இடத்தில் அமரவைத்துச் சொல்லக்கூடிய கடைசி வாய்ப்பு பத்தாம் வகுப்பு.

பாடநூலில் உள்ளதும் இல்லாததும்

2019-20 கல்வியாண்டில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில் எட்டாம் வகுப்பு அறிவியல் வளரிளம் பருவ மாற்றங்களைக் கூறுகிறது. பத்தாம் வகுப்பு அறிவியலில் தாவர, விலங்கு இனப்பெருக்கப் பாடத்திற்குள் கருவுறுதல், பதிதல், தாய்சேய் இணைப்புத்திசு, மகப்பேறு ஆகியவை சிறு பத்திகளாக வருகின்றன. விரிவான பாடம் பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் உள்ளது. வணிகவியல், தொழிற்கல்விப் பிரிவுகளில் சேர்பவர்களும், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்துபவர்களும் அதைப் பார்ப்பதில்லை.

ஆகவே பாடம் இல்லை என்று சொல்ல முடியாது. அது தேர்வுக்குரிய உயிரியலாக இருக்கிறது, நலக்கல்வியாக இல்லை என்பதே குறை. பிளவிப் பெருகல் என்றால் என்ன என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதத் தெரிந்த மாணவிக்கு, அதற்கும் தான் சாப்பிடும் கீரைக்கும் உள்ள தொடர்பு தெரியாமல் போகலாம். கூச்சத்தால் "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று ஆசிரியர் கடந்துவிடும் வகுப்புகளில் அதுவும் இல்லை.

இதற்கு நல்ல சான்று பள்ளிகளில் வாரந்தோறும் தரப்படும் நீல நிற மாத்திரை. 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட இது, வளரிளம் பருவத்தினரின் இரத்தசோகையைத் தடுப்பதற்கானது. இந்தியாவில் கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு காட்டுவதால், அதன் தேவை பற்றி ஐயமில்லை. ஆனால் வாரத்திற்கு 500 மைக்ரோகிராம் என்பது நாளுக்கு 400 மைக்ரோகிராம் ஆகாது. பள்ளியில் மாத்திரை சாப்பிட்டது போதும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. மாத்திரை தரும் வகுப்பறையிலேயே இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

படுகையின் சமையலறையையும் பாடத்தோடு சேர்க்கலாம். தீட்டிய அரிசியில் ஃபோலேட் குறைவு. நீரில் கரையும் சத்தாகையால் கஞ்சி வடிக்கும்போது இருப்பதிலும் ஒரு பகுதி போய்விடுகிறது. ஆனால் சம்பா, தாளடி அறுவடைக்குச் சில நாட்கள் முன்பு ஈர வயலில் தெளிக்கும் உளுந்திலும் பச்சைப்பயறிலும் அது நிறைய உண்டு. கீரைகளிலும் உண்டு. விற்பதற்கு மட்டுமல்ல, வீட்டிற்கும் கொஞ்சம் எடுத்து வைக்க வேண்டிய பயிர் அது.

பத்து மாதக் கணக்கு

"பத்து மாதம் சுமந்தேன்" என்று தாய் சொல்ல, பாடநூல் ஒன்பது மாதம் என்கிறது. இரண்டும் சரியே. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாட்கள் என்பது மருத்துவர் கணக்கு. 28 நாள் கொண்ட மாதமாக எண்ணினால் அது சரியாகப் பத்து. "முழுகாமல் இருக்கிறாள்" என்ற வழக்கும் மாதவிலக்கு நின்றதையே அடையாளமாகக் கொள்கிறது. கருவுறுதலிலிருந்து எண்ணினால் ஏறத்தாழ இரண்டு வாரம் குறையும். எந்தக் கணக்கு என்று சொல்லாமல் "ஆறாவது வாரம்" என்றால் பொருளே மாறிவிடும்.

அமெரிக்காவில் நடந்த விவாதத்தில் இந்த இரண்டு வாரம் பெரிதாகப் பேசப்பட்டது. 2023-இல் வடக்கு டகோட்டா மாநிலமும் 2024-இல் டென்னசி மாநிலமும் பள்ளிகளில் கருவளர்ச்சிக் காணொளி காட்டுவதைச் சட்டமாக்கின. டென்னசி சட்டம் எடுத்துக்காட்டாகச் சொல்லும் 'பேபி ஒலிவியா' காணொளி, 'லைவ் ஆக்ஷன்' என்ற கருக்கலைப்பு எதிர்ப்பு அமைப்பு தயாரித்தது. அது கருவுறுதலிலிருந்து வாரங்களை எண்ணுவதால் மருத்துவமனைக் கணக்கோடு பொருந்தவில்லை என்பது மருத்துவர்கள் கூறிய குறைகளில் ஒன்று. அறிவியலைத்தான் காட்டுகிறோம் என்பது ஆதரவாளர்களின் பதில். கருக்கலைப்பு பற்றி யார் எந்தக் கருத்து கொண்டிருந்தாலும், ஓர் இயக்கம் தன் பரப்புரைக்காகச் செய்ததைப் பாடநூலின் இடத்தில் வைப்பது நல்ல வழியல்ல.

இந்தியாவில் எதிர்ப்பு வேறு திசையிலிருந்து வந்தது. 2005-இல் மத்திய அரசு தொடங்கிய வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை, பண்பாட்டிற்கு ஒவ்வாதது என்று கூறி 2007-இல் மகாராஷ்டிரா, கர்நாடகா, மத்தியப் பிரதேசம் முதலிய மாநிலங்கள் நிறுத்தின. 2020-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டம், பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை நலத் தூதுவர்களாகப் பயிற்றுவிக்கிறது. கருவளர்ச்சிப் பாடத்தை நடத்தத் தனியாக ஆள் தேட வேண்டியதில்லை.

பண்பாட்டுக் கூச்சம் என்ற வாதம் காவிரிக் கரையில் எடுபடுவது வியப்புதான். ஆடிப்பெருக்கன்று காவிரியை மசக்கையுற்ற பெண்ணாகக் கருதி, சித்திரான்னங்கள் படைக்கும் ஊர்கள் இவை. கதிர் வெளிவராத நெல்லையும் "சூல் கட்டியிருக்கிறது" என்றே சொல்வார்கள். வளைகாப்பு ஊர் கூடி நடக்கிறது.

இந்தப் பாடத்தில் மாணவர்களை வெளியே அனுப்பிவிட்டு மாணவிகளுக்கு மட்டும் சொல்வது பெருந்தவறு. பிறப்பது ஆணா பெண்ணா என்பதைத் தந்தையின் விந்தணுவில் உள்ள எக்ஸ் அல்லது ஒய் குரோமோசோமே முடிவு செய்கிறது. பெண் குழந்தை பெற்றதற்காக இன்றும் வசைகேட்பவள் தாய். கருவின் பாலினத்தை வெளியிடுவதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்வதால் ஒவ்வொரு ஸ்கேன் மையத்திலும் அறிவிப்புப் பலகை தொங்குகிறது. அந்தப் பலகை ஏன் தேவைப்பட்டது என்பதைப் பதினைந்து வயதுப் பையன்களுக்கும் அந்த வகுப்பிலேயே விளக்கலாம்.