எப்போது வருகிறது அந்தச் சத்தம்?

பழைய காரைச் சோதித்துப் பார்க்க வீரபாண்டி மாதிரி தோதான ஊர் அமைவது அரிது. முல்லையாற்றங்கரையில், சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஊர். அங்கிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று வயலும் தோப்புமாகச் சமதளச் சாலை. லோயர் கேம்ப் தாண்டியதும் குமுளி மலைப்பாதை தொடங்கி, ஏறத்தாழ 900 மீட்டர் வரை ஏறுகிறது. விடியற்காலையில் குளிர்ந்து கிடக்கும் வண்டியை ஸ்டார்ட் செய்து, சமதளத்தில் ஓட்டி, மலையேற்றி இறக்கினால், இன்ஜின் சந்திக்கக்கூடிய நிலைமைகள் பெரும்பாலும் ஒரே காலையில் வந்துவிடும். எங்கிருந்து வருகிறதென்றே தெரியாத சத்தத்தைப் பிடிக்க இந்த நிலைமைகள் எல்லாமே வேண்டும்.

ஏனென்றால் சத்தத்தின் குரலை மட்டும் நம்ப முடியாது. ஒருவர் ‘டொக் டொக்’ என்பதை இன்னொருவர் ‘கட கட’ என்பார். இடத்தையும் நம்ப முடியாது. இரும்புக்குள் பிறக்கும் அதிர்வு இன்ஜின் முழுக்கப் பரவி, எங்கே தகடு மெல்லிசாக இருக்கிறதோ அங்கே உரக்க ஒலிக்கும். ஆயில் சம்பில் கேட்பது அதற்கு மேலே எங்கோ பிறந்ததாக இருக்கலாம். எப்போது வருகிறது, எதைச் செய்தால் மாறுகிறது என்ற இரண்டும்தான் நம்பகமான தடயங்கள்.

மாருதி 800-ஐ எடுத்துக்கொள்வோம். 1983 டிசம்பர் 14 அன்று முதல் காரின் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், எளிமையான இன்ஜின். அது நிமிடத்துக்கு 900 சுற்றில் ஐடிலிங் ஓடுவதாக வைத்துக்கொண்டால், கிராங்க் ஷாஃப்ட் நொடிக்கு 15 முறை சுழலும். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் அதில் பாதி, ஏழரை முறைதான். வால்வுப் பக்கத்துச் சத்தம் கேம் வேகத்தில் அடிக்கும். கிராங்க் பக்கத்துச் சத்தம் பெரும்பாலும் அதைவிட இருமடங்கு வேகத்தில் அடிக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பழைய மாடலில் டைமிங் லைட்டை ஒரு பிளக் ஒயரில் மாட்டினால், கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது ஒருமுறை மின்னும். ஒரு மின்னலுக்கு ஓர் அடி என்றால் மேலே வால்வைப் பாருங்கள். இரண்டு அடி என்றால் கீழே பாருங்கள். இன்ஜினைப் பிரிக்காமலே தேடும் இடம் பாதியாகிவிடுகிறது.

முதல் சோதனை, குளிர்ந்த ஸ்டார்ட். வாங்கப் போகிறவர் முதலில் பானெட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் யாரோ முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பலாம். குளிரில் மட்டும் கேட்டு, சூடேறியதும் மறைகிற சத்தங்கள் உண்டு. பிஸ்டன் அலுமினியம், அது உரசி ஓடும் சுவர் வார்ப்பிரும்பு. தேய்ந்த இன்ஜினில் பிஸ்டன் சுவரில் மோதித் தட்டும். சூட்டில் அலுமினியம் அதிகமாக விரிந்து இடைவெளியை அடைத்ததும் சத்தம் அடங்கும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட் கசிந்தாலும் இதே கதைதான். அதை டேப்பட் சத்தம் என்று நினைத்து ஹெட்டைப் பிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பிரிப்பதற்கு முன் டார்ச் அடித்து கேஸ்கட்டின் ஓரத்தைப் பார்த்தால், புகை கசிந்த இடத்தில் கரிக்கோடு தெரியும். உண்மையான டேப்பட் சத்தத்துக்கு வைத்தியம் மலிவு. வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவே இருக்க வேண்டிய சந்து 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வாக்கில். ஃபீலர் கேஜை நுழைத்து ஸ்குரூவைத் திருப்பினால் தீர்ந்தது.

சமதளத்தில் இரைச்சலோ கீச்சொலியோ கேட்டால் பெல்ட்டையும் அது சுழற்றும் டைனமோ, வாட்டர் பம்ப் பேரிங்குகளையும் சந்தேகிக்கலாம். பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் மட்டும் இன்ஜினை ஓட்டுங்கள். சத்தம் போய்விட்டால் குற்றவாளி வெளியே இருக்கிறான். பிறகு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றினால், கெட்டுப்போன பேரிங் விரல்களில் நறநறக்கும். நீளத் திருப்புளியும் இங்கே உதவும். அதன் முனையை டைனமோ உடம்பில் ஊன்றி, பிடியைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் அழுத்திக் கேட்பார்கள். இரும்பில் ஓடும் அதிர்வில் மிகச் சிறு பங்குதான் காற்றுக்குள் இறங்கும். திருப்புளி அதைக் காற்றில் இறக்காமல் நேரே எலும்புக்குக் கொண்டுவருகிறது. சுழலும் ஃபேனுக்குப் பக்கத்தில் துண்டோ தொளதொளச் சட்டையோ வேண்டாம். ஐடிலிங்கில் கிளட்சை மிதித்ததும் சத்தம் தொடங்கினால் ரிலீஸ் பேரிங். மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸ். இவற்றுக்காக இன்ஜினில் கைவைக்கத் தேவையில்லை.

லோயர் கேம்ப் ஏற்றத்தில், உயர்ந்த கியரிலேயே ஆக்சிலரேட்டரை மிதித்தால் ‘கிணிகிணி’ என்று ஓர் ஒலி வரலாம். இது தேய்மானம் இல்லை, எரிப்பின் கோளாறு. பிளக் பற்றவைத்த தீ சிலிண்டரில் பரவி முடிவதற்குள், மூலையில் மிச்சமிருக்கும் பெட்ரோல் கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகவே வெடிக்கிறது. டைமிங் முன்னால் போயிருக்கலாம், கரி படிந்திருக்கலாம், இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கலாம். கியரைக் குறைத்ததும் ஒலி நின்றால் இதுதான். (ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகும் டீசல் ஜீப்பின் கடகடப்பு வேறு. டீசல் தானாகப் பற்றிக்கொள்வதுதான் அந்த இன்ஜினின் இயல்பான வேலை.) அமெரிக்காவில் இந்தச் சத்தத்துக்குச் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த பேட்டரி இக்னிஷன்தான் காரணம் என்று பழி போட்டார்கள். அவரிடம் வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி 1921 டிசம்பரில், டெட்ராஎதில் ஈயத்தைப் பெட்ரோலில் கலந்தால் ஒலி அடங்குவதைக் கண்டார். ஒலி அடங்கியது, ஆனால் பல தலைமுறைக் குழந்தைகள் ஈயத்தைச் சுவாசித்தார்கள். இந்தியா முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை நின்றது 2000 பிப்ரவரியில்தான். சத்தத்தின் காரணத்தைத் தேடாமல் சத்தத்தை மட்டும் அமுக்கியதற்கு உலகம் கொடுத்த விலை அது.

இறக்கத்தில்தான் உண்மையாகப் பயப்பட வேண்டிய சத்தம் வெளிப்படும். கியரிலேயே இறங்கும்போது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும் கணத்தில் கனமான ‘டொக்’ வரிசை கேட்டால், கனெக்டிங் ராடின் பிக் எண்ட் பேரிங் தேய்ந்திருக்கக்கூடும். பிஸ்டன் ராடைத் தள்ளுவது நின்று, கிராங்க் ராடை இழுக்கத் தொடங்கும் நொடி அது. சுமை திசை மாறும்போது, நடுவில் உள்ள சந்து ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மோதி மூடுகிறது.

நல்ல இன்ஜின் ஓடும்போது அந்த இடத்தில் இரும்பும் பேரிங்கும் தொட்டுக்கொள்வதே இல்லை. இதற்கு நேரடிச் சான்று இங்கிலாந்தில் கிடைத்தது. ரயில் அச்சுகளின் பேரிங்கை ஆராய்ந்த பீச்சம் டவர், எண்ணெய் ஊற்றுவதற்காகப் பேரிங்கின் மேல்பக்கம் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் எண்ணெய் துளை வழியே மேலேறி வழிந்தது. தக்கையால் அடைத்தார், தக்கையைத் தள்ளிவிட்டது. மரத்துண்டால் அடைத்தார், அதையும் தள்ளியது. உள்ளே எண்ணெய் பெரும் அழுத்தத்தோடு அச்சையே தாங்கி நிற்கிறது என்று 1883இல் தெரிந்தது. சுழலும் அச்சு எண்ணெயைக் குறுகும் சந்துக்குள் இழுத்துச் சென்று அழுத்தத்தை உண்டாக்குகிறது என்று 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கணக்கோடு விளக்கினார். நம் காரில் அந்தச் சந்து ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். தேய்ந்து அகன்றுவிட்டால் எண்ணெய் வழிந்தோடிவிடும், படலம் நிற்காது.

ஆகவே மலையிறங்கி வந்ததும் இன்ஜினை அணைத்துவிடாதீர்கள். சூட்டில் எண்ணெய் நீர்த்திருக்கும். ஐடிலிங்கில் பம்பும் மெதுவாகச் சுற்றும். வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழா நெரிசலில் ஊர்ந்து செல்லும் வண்டிக்கும் இதே நிலைமைதான். அப்போது டேஷ்போர்டில் ஆயில் விளக்கு மினுக்கினால், அந்த ‘டொக்’ கற்பனையில்லை. கெட்டியான ஆயிலை ஊற்றி இதைச் சில வாரம் மறைக்கலாம். விற்கும் வண்டியில் அன்றைக்குத்தான் மாற்றியதுபோல ஆயில் பளிச்சென்று இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

எந்த சிலிண்டர் என்பதை அறிய மெக்கானிக் ஒவ்வொரு பிளக் ஒயராக எடுத்துவிட்டுக் கேட்பார். எரிப்பு நின்ற சிலிண்டரின் ராடுக்குச் சுமை குறைவதால், அங்கே மட்டும் சத்தம் தணியும். கேட்டலிடிக் கன்வர்ட்டர் உள்ள பிந்தைய மாடலில் எரியாத பெட்ரோல் கன்வர்ட்டரைக் கெடுக்கும். அங்கே ஒயருக்குப் பதில் இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்ற வேண்டும்.

ராடு அடிப்பது உறுதியானால் ஒர்க்‌ஷாப் வரை ஓட்டிப் போகாதீர்கள், கட்டி இழுத்துச் செல்லுங்கள். சம்பைக் கழற்றி பேரிங்கைப் பார்க்கையில் கிராங்க் வழவழப்பாக இருந்தால் புது பேரிங் மாற்றினாலே போதும். நகத்தில் மாட்டும் அளவுக்குக் கீறல் இருந்தால் கிராங்கை லேத்துக்கு அனுப்பிக் கடைந்து, அளவு மாறிய பேரிங் போட வேண்டும். அதையும் தாண்டி ஓட்டினால் ராடு அறுந்து பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும். அதற்குமேல் அந்த இன்ஜினை எடைக்குத்தான் போட வேண்டியிருக்கும்.