பழி மருமகள் மேல்! குற்றவாளி மகன் சட்டைப் பையில்!

திருச்சி:

ஆடிப்பெருக்கு அன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் கால் வைக்க இடம் இருக்காது. காவிரித் தாயைக் கும்பிட்டுப் புதுமணப் பெண்கள் தாலிக் கயிறு மாற்றிக்கொள்வார்கள். பிள்ளை வரம் கேட்டு வருகிறவர்களும் உண்டு.

கல்யாணமாகி இரண்டு வருஷம் போனால் போதும். "என்னம்மா, இன்னும் விசேஷம் இல்லையா?" என்று அக்கம்பக்கம் குடையத் தொடங்கிவிடும். "என் மகனுக்கு என்ன குறைச்சல்? எல்லாம் இவகிட்டதான் கோளாறு" என்பார் மாமியார். ஸ்கேன், மாத்திரை, விரதம் எல்லாம் மருமகளுக்கே. மகனோ தெருமுனைப் பெட்டிக்கடையில் "தம்" போட்டுக்கொண்டு நிற்பார்!

ஆனால், குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு, ஆண் பக்கக் குறையும் ஒரு காரணம் என்கிறது மருத்துவம். அந்தக் குறைக்குத் துணை போகிறவற்றில் ஒன்று சிகரெட்.

சாம்பல் சொன்ன துப்பு

திருச்சி சுருட்டு உலகப் புகழ் பெற்றது. 1887-ல் வெளிவந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நாவலில், கொலையாளி பிடித்தது திருச்சி சுருட்டு என்று சாம்பலை வைத்தே துப்பறிந்துவிடுவார் ஹோம்ஸ். நம் வீடுகளிலோ சாம்பல் கண்ணெதிரே கிடந்தும் யாரும் சந்தேகப்படுவதில்லை!

புகையில் உள்ள நிகோடின், காட்மியம் போன்ற நஞ்சுகள் ரத்தத்தில் கலக்கின்றன. விந்தணு எண்ணிக்கை குறைகிறது. நீந்தும் வேகம் மந்தமாகிறது. 5 ஆயிரத்து 865 ஆண்களைப் பற்றிய 20 ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் வெளியான அறிக்கை இதை உறுதி செய்தது. பீடி, சுருட்டிலும் இருப்பது அதே புகையிலைதான்.

புகைக்கும் பெண்களுக்குக் கருமுட்டை சீக்கிரம் தீர்ந்து, மாதவிலக்கு 1 முதல் 4 ஆண்டு முன்னதாகவே நின்றுவிடக்கூடும். கருச்சிதைவு ஆபத்தும் அதிகம்.

"வெறும் ஆவிதான் மச்சி!"

"இதுல புகையே இல்லடா, வெறும் ஆவிதான்" என்று "வேப்" இழுக்கும் வாலிபர்களே, உஷார்! டென்மார்க்கில் சுமார் 2 ஆயிரம் வாலிபர்களைச் சோதித்து 2020-ல் வெளியிட்ட ஆய்வில், தினமும் இ-சிகரெட் பிடிப்பவர்களுக்கு விந்தணு குறைவாகவே இருந்தது. சட்டப்படியும் சிக்கல்தான். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி இ-சிகரெட் விற்றால், முதல் தடவையே ஓராண்டு வரை ஜெயில் அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம்.

மூன்றே மாதம்

நல்ல செய்தியும் உண்டு. ஒரு விந்தணு உருவாகச் சுமார் 75 நாள் ஆகிறது. ஆகவே இன்று நிறுத்தினால், மூன்று மாதத்தில் புகை படாத புது அணுக்கள் வந்துவிடும். பிள்ளை நிச்சயம் என்று எந்த டாக்டரும் சொல்ல மாட்டார். ஆனால் ஒரு தடை விலகும்.

விந்து பரிசோதனைக்கு ஊசி கிடையாது, கத்தி கிடையாது. மருமகளை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைய விடும் முன், மகன் ஒரு தடவை போய் வரட்டும். சிகரெட்டை விட முடியாமல் தவிப்பவர்கள் 1800-11-2356 என்ற அரசு எண்ணுக்குப் போன் செய்யலாம். காசு கிடையாது!